கணினிப் பேரேடும் இரட்டைச் சாவியும்

நமது கிராமச் சங்கங்களின் பேரேடுகள் மர அலமாரியை விட்டுக் கணினிக்குள் குடிபெயர்ந்து வருகின்றன. 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், நாடெங்கும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டுச் சங்கங்களும் அதில் சேர்ந்துள்ளன. இதைப்பற்றி அங்கத்தினர்களிடையே இருவகைப் பேச்சு நமது காதில் விழுகிறது. "இனித் தவறுக்கே இடமில்லை, எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும்" என்பது ஒன்று. "ஓர் எழுத்தைத் திருத்தவும் வழியின்றிக் கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள், பழைய காரியதரிசி இருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பார்" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எது அந்தப் பாதி என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

கணினியில் பதிவுகளைச் சேமித்து வைக்கும் அமைப்புக்குத் தரவுத்தளம் என்று பெயர். அதன் உட்புறம் நமக்குப் புதிதன்று. அங்கத்தினர் பதிவேடு ஓர் அட்டவணை, கடன் பேரேடு இன்னோர் அட்டவணை, ரசீதுகள் மூன்றாவது. புதுமை எங்கே என்றால், காகிதப் பேரேடு எழுதுவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். தரவுத்தளமோ ஏற்க மறுக்கவும் வல்லது. பதிவேட்டில் இல்லாத அங்கத்தினருக்குக் கடன் எழுதினால் மறுக்கும். ஒரே எண்ணை இருவருக்குக் கொடுத்தால் மறுக்கும். பிப்ரவரி 30 என்று நாள் இட்டால் மறுக்கும். பற்றும் வரவும் ஒவ்வாத பதிவையும் மறுக்கும்படி செய்யலாம். இம்மறுப்புகளை இக்கட்டுரையில் 'காவல்' என்று குறிப்பிடுவோம். தக்க காரணத்தோடு காவலைக் கடந்து செல்லத் தேர்ந்தவருக்குக் கொடுக்கும் வழியை 'விலக்கு' என்போம். காவல் எவ்வளவு, விலக்கு எவ்வளவு என்பது தரவுத்தளம் அமைப்போரிடையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு.

அவ்வழக்கில் நுழையுமுன், நமது பழைய கணக்குப் புத்தகத்தை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். அதில் தவறிய தொகையைச் சுரண்டி அழித்தல் கூடாது. பழைய எண் கண்ணுக்குத் தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியான எண்ணை மேலே எழுதி, அருகில் சுருக்கொப்பம் இடவேண்டும். நகைக்கடன் பொட்டலங்கள் இருக்கும் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி. இரண்டும் ஒருவர் கையில் இருத்தல் ஆகாது. கவனியுங்கள்: பழைய முறை திருத்தத்தைத் தடுக்கவில்லை, மறைவான திருத்தத்தையே தடுத்தது. பெட்டியைத் திறக்கக் கூடாதென்று சொல்லவில்லை. தனியாகத் திறக்கக் கூடாதென்றே சொல்லிற்று. கணினிக் கணக்கில் இன்று எழும் சச்சரவுகளிற் பெரும்பாலானவை, இவ்விரு வேற்றுமைகளையும் மறந்து மென்பொருளை அமைத்ததால் வருபவையே.

நாள் என்னும் ஒரே கட்டத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்குவோம். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. தவணை தவறினால் வட்டி ஏறும். ஆகவே பணம் கட்டிய நாள் எது என்பது குடியானவனுக்கு வெறும் எழுத்தன்று, அது ரூபாய். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யத்தருகே கஜா புயல் கரையேறியபோது, டெல்டா மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அத்தகைய வாரத்தில் ஓர் அங்கத்தினரின் தவணை முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் சேற்றில் நடந்து வந்து பணத்தைக் கட்டுகிறார். காரியதரிசி கைரசீது எழுதிக் கொடுக்கிறார். பத்து நாள் கழித்துக் கணினி விழிக்கிறது. மென்பொருள் "இன்றைய நாளன்றி வேறு நாள் இடமுடியாது" என்கிறது. இன்றைய நாளை இட்டால் அங்கத்தினர் தவணை தவறியவர் ஆகிறார். கைரசீது ஒன்று சொல்ல, பேரேடு மற்றொன்று சொல்லும்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் முன்நாளிட்டுப் பதியக் காரியதரிசிக்கு உரிமை கொடுத்துவிடலாமே" என்று தோன்றும். பொறுங்கள். 2021 பிப்ரவரி 5-ஆம் நாள் சட்டமன்றத்தில் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கடன். கணக்கில் எடுத்துக்கொண்ட நாள் 2021 ஜனவரி 31. அந்நாளில் நிலுவையிலிருந்த கடன் தள்ளுபடியாகும். மறுநாள் கொடுத்த கடன் ஆகாது. நாளை ஒரே ஒரு நாள் பின்னுக்குத் தள்ள வல்லவன் ஒரு முழுக்கடனையே பரிசளிக்க வல்லவனாகிறான். புயலில் நனைந்த அங்கத்தினரைக் காக்கும் அதே கதவு வழியே கள்ளக் கடனும் நுழையலாம். எனவே மூடிய கதவும் தீமை. திறந்த கதவும் தீமை.

இதற்குத் தரவுத்தள அறிஞர்கள் கண்ட வழி மிக எளியது. ஒரு நாள் என்று நாம் நினைத்தது உண்மையில் இரண்டு நாட்கள். பணம் கைமாறிய நாள் ஒன்று. அது பேரேட்டில் ஏறிய நாள் மற்றொன்று. முதலாவதை மனிதர் எழுதுகிறார். ஆகவே அது திருத்தத்துக்கு உரியது. இரண்டாவதைக் கணினி தானே பொறிக்கிறது. அதைத் தலைவரும் தொடலாகாது, மென்பொருள் எழுதியவரும் தொடலாகாது. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்துவிட்டால், புயல் வாரத்து ரசீதைப் பணம் கட்டிய நாளிலேயே பதியலாம். பத்து நாள் பிந்திப் பதிந்தார்கள் என்பதும் வெளிப்படையாகத் தெரியும். அட்டவணைகளில் இத்தகைய காலக் கட்டங்களை வைக்கும் முறைக்கு 2011-ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். தரநூல் விதிகளை வகுத்தது. இதன்மேல் இரட்டைச் சாவியைச் சேர்க்க வேண்டும்: பிந்திய பதிவை ஒருவர் எழுத, மற்றொருவர் தம் சொந்தக் கடவுச்சொல்லால் ஒப்பவேண்டும். கைரசீதின் எண்ணும் காரணமும் கூடவே பதிவாக வேண்டும். இவ்வளவும் இருந்தால் விலக்கு கொடுப்பதில் அச்சமில்லை. ஒருவரின் கடவுச்சொல்லை மற்றவர் மேசைக் கண்ணாடிக்கடியில் எழுதி வைத்திருந்தால் இவ்வளவும் வீண் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

விலக்கில்லாத காவல் என்ன செய்யும்? மனிதரைப் பொய் எழுதப் பழக்கும். கைப்பேசி எண் இல்லாமல் அடுத்த பக்கம் போகமுடியாது என்றால், எழுத்தர் பத்து ஒன்பதுகளைத் தட்டிவிட்டுப் போவார். பிறந்த நாள் தெரியாத மூதாட்டிக்கு நாள் கட்டாயம் என்றால், அவர் ஜனவரி முதல் தேதி பிறந்தவராகிவிடுவார். பின்னர் எது மெய், எது நிரப்பு என்று பிரித்தறிய எவராலும் இயலாது. "தெரியவில்லை" என்பதும் ஒரு விடையே. அதற்கென்று முறையான இடம் வேண்டுமென்று தரவுத்தளக் கலையின் தந்தை எனத்தக்க காட் என்பார் தமது விதிகளில் ஒன்றாகவே வைத்தார்.

இந்தக் காட் யார் என்பதைச் சற்றுச் சொல்லவேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளராகிய எட்கர் காட் 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பிருந்த அமைப்புகளில், எந்தப் பதிவு எந்தப் பதிவோடு எந்தக் கண்ணியால் கோக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்த நிபுணர் மட்டுமே உள்ளே நடமாட முடியும். நிபுணருக்கு முழு உரிமை. மற்றவர்க்கு வாசல் வரைதான். காட் அப்பாதைகளை மறைத்து, எளிய அட்டவணைகளாகவே யாவருக்கும் காட்டலாம் என்றார். பழைய அணியினர், இதனால் நிபுணரின் கைத்திறம் வீணாகும் என்று வாதிட்டனர். 1974-இல் இரு தரப்பும் நேருக்கு நேர் விவாதித்தன. நமக்கு வேண்டுவது, 1985-இல் காட் வகுத்த பன்னிரண்டு விதிகளில் கடைசி விதி. உள்ளே நுழைய வேறொரு கீழ்வாசல் இருப்பினும், அவ்வாசல் வழியே காவலை ஏய்க்க முடியாதிருக்க வேண்டும் என்பது அது.

இவ்விதியின் அருமை, பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றும்போது விளங்கும். எழுத்தர் பார்க்கும் திரையில் மட்டும் காவலை வைத்து, அடியிலுள்ள அட்டவணையில் வையாது விட்டால், திரை வழியே வருவோர்க்குத்தான் அது காவல். ஆயிரக்கணக்கான பழைய கணக்குகளைக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டும்போது திரையை யார் பார்க்கிறார்கள்? அட்டவணையிலேயே காவல் இருந்தாலும், ஏற்றும் வேகத்துக்காக அதைத் தற்காலிகமாக எடுத்துவிடும் வழக்கம் உண்டு. பழைய ஏடுகள் ஒத்துவருவதில்லை. இறந்தவர் பெயரில் பங்கு, இரு எண்ணில் ஒரே ஆள், இப்படிப் பலவும் இருக்கும். எடுப்பது குற்றமன்று. திரும்ப வைக்கும்போது, ஏற்றியவை யாவும் விதிக்கு உட்பட்டனவா என்று ஆதிமுதல் சோதிக்காமல் வைப்பதே குற்றம். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில், "இனி வருபவற்றைச் சோதி; பழையவற்றைப் பின்னர் சோதிக்கிறேன்" என்று ஒரு காவலை நிறுத்தவும், பிறகு பழையவற்றையும் சோதித்து உறுதிசெய்யவும் தனித்தனி ஆணைகள் உள்ளன. பாதியில் நின்ற வேலை பாதியில் நிற்கிறதென்று அதுவே பதிந்து வைத்திருக்கும். கணினியேற்றம் முடிந்ததென்று அறிக்கை கொடுக்கும் சங்கங்கள் இரண்டாவது ஆணையையும் நிறைவேற்றினார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

காவல் குறைந்த அமைப்பினால் என்ன வரும் என்பதற்கு மைஎஸ்க்யூஎல் என்னும் புகழ்பெற்ற தரவுத்தளத்தின் வரலாறே சான்று. ஒரு கட்டம் 9,999.99 வரை மட்டும் கொள்ளும்படி அமைந்திருக்க, அதில் 12,500 ரூபாயை இட்டால், அந்நாளில் அது மறுக்காது, 9,999.99 என்று குறைத்து எழுதிக்கொண்டு, ஒரு மெல்லிய எச்சரிக்கையோடு நின்றுவிடும். எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. 2015-இல் வெளிவந்த 5.7 பதிப்பு முதற்கொண்டு, இத்தகைய பதிவை மறுப்பதே இயல்பு என்று மாற்றினார்கள். நமது கைப்பேசிகளுக்குள் எல்லாம் குடியிருக்கும் எஸ்க்யூலைட் என்னும் சிறு தரவுத்தளம், எண் இருக்கவேண்டிய கட்டத்தில் எழுத்தை இட்டாலும் ஏற்கும். அதை ஒரு குணமாகவே அதை ஆக்கியோர் போற்றுகின்றனர். ஆயினும் 2021-இல், விரும்புவோர் கண்டிப்பான அட்டவணை வைத்துக்கொள்ள வழி செய்தனர். இரு தரவுத்தளங்களும் தளர்விலிருந்தே கண்டிப்பை நோக்கி நகர்ந்தன என்பதைக் காண்க.

மைஎஸ்க்யூஎல்லில் மற்றொரு காவலும் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். "அங்கத்தினர் எண் 214-இன் நிலுவையைச் சூனியமாக்கு" என்று ஆணையிட வந்தவர், அவசரத்தில் "எண் 214" என்பதை விட்டுவிட்டால் கணினி என்ன செய்யும்? எல்லா அங்கத்தினரின் நிலுவையையும் சூனியமாக்கும். அது சொன்னதைச் செய்கிறது, அதன்மேல் குற்றமில்லை. எனவே யாருக்கு என்று குறிப்பிடாத மாற்றத்தையும் நீக்கத்தையும் மறுக்கும்படி ஒரு விருப்பக் காவல் வைத்தார்கள். அதற்கு முறையான பெயர் ஒன்றும், 'நான் ஒரு முட்டாள்' என்று பொருள்படும் வேடிக்கைப் பெயர் ஒன்றும் உண்டு. வேடிக்கைதான், ஆனால் நமக்கு அது உவப்பாயில்லை. காவல் கற்றுக்குட்டிக்கே வேண்டும், தேர்ந்தவருக்கு வேண்டாம் என்னும் எண்ணத்தை அப்பெயர் வளர்க்கிறது.

உண்மை அப்படியன்று. 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே ஒளிக்காமல் உலகுக்கு வெளியிட்டார்கள். இரண்டு கணினிகளில் ஒன்று மூலம். மற்றொன்று அதன் நகல். நகலின் பழுதை நீக்க இரவு நெடுநேரம் உழைத்த பொறியாளர் ஒருவர், நகலிலுள்ள கோப்புகளை அழிப்பதாக எண்ணி, மூலத்தில் அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் போய்விட்டது. பிரதி எடுக்க வைத்திருந்த ஏற்பாடுகள் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்னர் எடுத்து வைத்த ஒரு நகல் மட்டும் மிஞ்சிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. அழிக்கும் அதிகாரம் கற்றுக்குட்டியின் கையில் இருப்பதில்லை; தேர்ந்தவர் கையில்தான் இருக்கிறது. ஆகவே பெருந்தவறு செய்யும் வாய்ப்பும் அவருக்கே மிகுதி.

அப்படியானால் தேர்ந்தவரைக் கட்டிப் போடுவதா? வேண்டியதில்லை. அவர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் காவல் ஒன்று தரவுத்தளத்திலேயே இருக்கிறது. பல ஆணைகளை ஒரு கட்டாகத் தொடங்கி, விளைவைப் பார்த்து, சரியென்றால் உறுதி செய்யலாம். இல்லையென்றால் நடந்ததே இல்லாதது போல் திருப்பலாம். "மாற்றம் பெற்ற பதிவு: 1" என்று வந்தால் உறுதி செய்க. "மாற்றம் பெற்ற பதிவுகள்: 1,860" என்று வந்தால், உடல் நடுங்கினாலும் கை திருப்புகிறது. இடையில் கணக்கு ஒவ்வாதிருக்கவும், கட்டு முடியும் தருவாயில் மட்டும் ஒத்திருக்கிறதா என்று காவல் பார்க்கவும் ஏற்பாடு செய்யலாம். காலமான அங்கத்தினரின் பங்குத் தொகையை மூன்று வாரிசுகளுக்குப் பிரித்தெழுதும்போது நடுவில் கூட்டுத்தொகை குறைந்து தோன்றுவது இயல்பே. அந்த நடுப்புள்ளியில் தடுக்கும் காவல் வேலையைக் கெடுக்கும். முடிவில் பார்க்கும் காவல் வேலையைக் காக்கும்.

இனி, இன்னொரு வகைக் காவலுக்கு வருவோம். பற்றும் வரவும் ஒத்திருக்க வேண்டும் என்பது என்றும் மாறாத விதி. நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது அத்தகையதன்று; அது அரசு வகுத்த அளவு. 2022 அக்டோபரில் மழை காரணமாகத் தமிழ்நாட்டுக்கு அது 19 ஆகத் தளர்த்தப்பட்டது. 2023 பிப்ரவரியில், அறுவடைக் காலத்து மழையால் கதிர் சாய்ந்தபோது, டெல்டா மாவட்டங்களுக்கு 20 வரை அனுமதித்தார்கள். கொள்முதல் பருவமும் அப்படியே. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். குறுவை முந்தி விளைந்தது. அக்டோபர் முதல் தேதி தொடங்கும் கொள்முதலை அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதிக்கு முன்தள்ளினார்கள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு மென்பொருள் எழுதுபவர், '17' என்பதையும் 'அக்டோபர் 1' என்பதையும் நிரலின் வயிற்றுக்குள் புதைத்துவிட்டால் என்ன ஆகும்? தளர்வு ஆணை மாலையில் வருகிறது. மறுநாள் காலை களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, வானம் கறுக்கிறது. கணினி 17-க்கு மேல் ஏற்காது. நிரலைத் திருத்த எங்கோ இருக்கும் நிபுணர் வரவேண்டும். பட்டியல் எழுத்தர் என்ன செய்வார்? ஈரமானி 19.4 காட்ட, 17.0 என்று எழுதுவார். இரக்கத்தால் எழுதினாலும் பொய் பொய்தான். 1,000 கிலோ நெல் 20 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காட்டுக்கு உலர்ந்தால் ஏறத்தாழ 964 கிலோவே நிற்கும். கிடங்கில் அந்த 36 கிலோ எங்கே என்று கேட்கும்போது, பேரேட்டில் விடை இராது. ஆகவே இத்தகைய அளவுகளை நிரலில் புதைக்காமல், "இந்நாள் முதல் இந்நாள் வரை, இம்மாவட்டங்களுக்கு, இவ்வளவு, இந்த ஆணை எண்ணின்படி" என்று ஓர் அட்டவணையில் வைக்கவேண்டும். அதை மாற்றும் உரிமை உரிய அலுவலருக்கு இருக்கட்டும். பழைய வரியை அழித்துப் புதியதை எழுதாமல், கீழே அடுத்த வரியாகச் சேர்க்கட்டும். மூன்று ஆண்டு கழித்துத் தணிக்கைக்கு வருபவர், அன்றைக்கு அமலிலிருந்த அளவு எது என்று ஐயமறக் காண்பார்.

நெசவாள அங்கத்தினர்கள், இது உழவர் வழக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களிடத்திலும் ஈரப்பதமே வழக்காடுகிறது. பட்டு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வணிகத்தில் 100 கிலோ உலர்பட்டை 111 கிலோ என்று கணக்கிடுவதே முறை. சங்கத்தில் பாவும் ஊடையும் சரிகையும் எடைபோட்டுக் கொடுத்து, நெய்த சேலையை எடைபோட்டு வாங்குகிறோம். சித்திரையில் கொடுத்த பட்டு ஐப்பசியில் சேலையாகத் திரும்பும்போது எடை கூடியிருக்கலாம். ஐப்பசியில் கொடுத்தது சித்திரையில் திரும்பும்போது குறைந்திருக்கலாம். "சேதாரம் இவ்வளவுக்கு மேல் போனால் கூலிச் சீட்டு அச்சாகாது" என்று ஒரே எண்ணால் காவல் வைத்தால், குற்றமற்ற நெசவாளி கூலியின்றி வீடு திரும்ப நேரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டை நெய்யும் கைகளுக்கு இது தகாது. அத்தகைய காவல் கூலியைத் தடுப்பதாக இருத்தல் கூடாது. சேலையைத் தனியே வைத்து மறு எடைக்கு அனுப்புவதாக இருக்கவேண்டும். கூலியின் பெரும்பகுதி அன்றே போய்ச் சேர, வேறுபாட்டுக்குரிய தொகை மட்டும் அனுபவமுள்ள மேற்பார்வையாளர் பார்க்கும் வரை நிற்கட்டும். தறியறிந்தவர் கண் பார்க்கவேண்டிய இடத்தில் எண்ணை மட்டும் உட்கார வைப்பது நமக்குச் சம்மதமில்லை. அவர் பார்த்துச் சொன்னதும் அவர் பெயரோடு பதிவாகவேண்டும். அதில் அவருக்கும் குறைவில்லை.

விலக்குகளைப் பற்றி ஒரு சொல். அவை குற்றப் பட்டியல் அல்ல, சங்கத்தின் நாடி. ஆண்டில் இரண்டு முறை மட்டும் விலக்குப் பெறும் காவல் நன்றாக இருக்கிறது. நாள்தோறும் விலக்குப் பெறும் காவல் ஒன்று இருந்தால், விதி களத்துக்குப் பொருந்தவில்லை, அல்லது ஒப்பமிடுபவர் படிக்காமலே ஒப்புகிறார், இரண்டில் ஒன்று. காரணக் கட்டத்தில் 'இதர காரணம்' என்பதே திரும்பத் திரும்ப வருமானால் இரண்டாவதாகவே இருக்கக்கூடும்.

பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையை வாசிக்கும்போது, விலக்குப் பதிவுகள் எத்தனை, எந்தக் காவலுக்கு எத்தனை, எழுதியவரும் ஒப்பியவரும் ஒருவரேயான பதிவு ஏதேனும் உண்டா என்னும் மூன்றையும் அங்கத்தினர்கள் கேட்கலாம். கணினியில் இவை ஒரு நிமிஷ வேலை. நாட்கணக்காகும் என்று விடை வந்தால், அக்கட்டங்களே வைக்கப்படவில்லை என்று கொள்ளலாம். மென்பொருள் கொடுத்தவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டும். அதுவரை, கடன் தவணை கட்டும் ஒவ்வொருவரும், தமது ரசீதில் பணம் கட்டிய நாளும் பதிவான நாளும் தனித்தனியே அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து, கைரசீதை அதனோடு சேர்த்து வைத்துக்கொள்வார்களாக.